மொய் நோட்டை எக்செல்லில் ஏற்றுகிறவர்களுக்கு: பயனுள்ள குறிப்புகள்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த துணி காய்ந்துவிடும், பாத்திரத்தைக் கழுவிக்கொள்ளலாம். மைப்பேனாவில் எழுதிய மொய் நோட்டு மட்டும் திரும்பி வராது. அதன்பிறகு திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. லேப்டாப்புக்கும் குறைவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததே பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் கம்ப்யூட்டரில் ரசீது அடித்துக் கொடுக்கவே ஆட்கள் உண்டு. நம் பக்கத்தில் அந்த அளவுக்குத் தேவையில்லை. வீட்டிலேயே எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ போதும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். நோட்டு நீங்கள் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும். எக்செல் அப்படி வைத்துக்கொள்ளாது; இது தேதி, இது எண், இது கணக்கு என்று தானாக முடிவு கட்டிவிடும். கீழே உள்ள குறிப்புகளில் பல அந்த முந்திரிக்கொட்டைத்தனத்தை அடக்குவதற்கானவை.

1. தட்டும் முன் ஒரே கேள்வி: இதை எப்போதாவது கூட்டிப் பார்ப்போமா? மொய்த் தொகையைக் கூட்டுவோம், ஆகவே அது எண். போன் நம்பரையோ கதவு எண்ணையோ பின்கோடையோ யாரும் கூட்டப்போவதில்லை. இலக்கத்தில் இருந்தாலும் அவையெல்லாம் எழுத்துதான். எக்செல் எதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். நீங்கள் எதையும் மாற்றாதவரை எழுத்து செல்லின் இடதுபக்கம் ஒட்டி நிற்கும், எண்ணும் தேதியும் வலதுபக்கம் ஒட்டி நிற்கும். தொகைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் இடப்பக்கம் நின்றால் அது கூட்டலில் சேராது. அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துகிறவர்கள் இந்த அடையாளத்தைத் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள். அலங்காரத்தை வேலை முடிந்தபின் செய்யுங்கள்.

2. கடலூர் லேண்ட்லைன் 04142 என்று தொடங்கும், சிதம்பரம் 04144. அப்படியே தட்டி என்டர் அடித்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். மின் இணைப்பு எண்ணும் சுழியத்தில்தான் தொடங்கும். அதை இடைவெளி இல்லாமல் தட்டினால் இதே கதி, பணம் கட்டப்போகும்போது அந்த எண் செல்லாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டுவது. அது செல்லில் தெரியாது, அச்சிலும் வராது. மேலே உள்ள ஃபார்முலா பட்டையில் மட்டும் தெரியும். தமிழ்99 கீபோர்டில் அந்த இடத்தில் 'ய' இருப்பதால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு தட்டுங்கள். இரண்டாவது வழி, நூறு நம்பர் ஏற்றுவதானால் அதுவே நல்லது: அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஹோம் பட்டையில் 'ஜெனரல்' என்று இருப்பதை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத் தட்டத் தொடங்குங்கள். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட், நம்பர், பிளெயின் டெக்ஸ்ட்.

இதை முதலிலேயே செய்ய வேண்டும். தட்டி முடித்தபின் டெக்ஸ்ட் ஆக்கினால் போன சுழியம் திரும்பாது. செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று வந்து, 'எண்ணை எழுத்தாக வைத்திருக்கிறீர்களே' என்று கேட்கும். கண்டுகொள்ளாதீர்கள். அதன் பேச்சைக் கேட்டு 'கன்வெர்ட்' கொடுத்தால் மறுபடி சுழியம் போகும்.

3. கேஸ் சிலிண்டருக்கான எல்பிஜி ஐடி 17 இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16, 17 ஆகிய இடங்களில் சத்தமில்லாமல் சுழியத்தைப் போட்டுவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணுக்கும் டெபிட் கார்டு எண்ணுக்கும் இதேதான். மேலே சொன்னபடி எழுத்தாகத் தட்டினால் மட்டுமே தப்பும். 12 இலக்க ஆதார் எண் கெடாது, ஆனால் புள்ளியும் நடுவில் ஒரு ஆங்கில எழுத்துமாக விசித்திரமாய்த் தெரியும். உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது.

அதற்காக ஆதார், கார்டு எண், பின் நம்பர் எல்லாவற்றையும் எக்செல்லில் எழுதி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டாத வேலை. எது எந்தக் கார்டு என்று அடையாளம் தெரியக் கடைசி நான்கு இலக்கம் போதும்.

4. கதவு எண் 12/5. தட்டி என்டர் அடித்தால் மே 12 ஆகிவிடும், இல்லையென்றால் டிசம்பர் 5. பட்டாவில் உள்ள சர்வே எண்ணுக்கும் இதே ஆபத்து. 12/5பி என்றால் தப்பிக்கும், வெறும் 12/5 மாட்டிக்கொள்ளும். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து எழுதுவது நம் ஊர் வழக்கம் என்பதால், முகவரி ஏற்றுகிற எவரும் இதில் இடறுவார்கள். தேதியாக மாறியதை மறுபடி டெக்ஸ்ட் ஆக்கினால் கதவு எண் வராது. நாற்பத்தைந்தாயிரம், நாற்பத்தாறாயிரம் என்று ஏதோ ஒரு எண் வரும். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1-இலிருந்து எண்ணிவைக்கும் வரிசை எண் அது. அழித்துவிட்டு, டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, மறுபடி தட்டுவது ஒன்றே வழி.

இது நம் வீட்டுத் தொல்லை மட்டும் என்று நினைக்க வேண்டாம். செப்ட்2, மார்ச்1 என்ற சுருக்கப் பெயர்களில் இருந்த மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016-இல் கண்டார்கள். எக்செல்லைத் திருத்த முடியாமல், 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். 2023-இல்தான் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து, 365 பதிப்பில் ஆப்ஷன்ஸ், டேட்டா என்ற இடத்தில் இந்தத் தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்தும் வசதியைக் கொடுத்தது. சுழியம் போவதை அங்கே நிறுத்திவைக்கலாம். சாய்கோடு போட்ட கதவு எண்ணை அது காப்பாற்றாது.

5. மளிகைப் பட்டியலில் அரை லிட்டருக்கு 1/2 என்று தட்டாதீர்கள். அதுவும் தேதியாகும். 0.5 என்று தட்டுங்கள். பின்னமாகவே தெரிய வேண்டும் என்றால் சுழியம், ஒரு இடைவெளி, அப்புறம் 1/2.

6. தொகை எழுதும் இடத்தில் தொகை மட்டும். '500/-' என்றும் 'ரூ.500' என்றும் எழுதிப் பழகிய கை அப்படியே தட்டும். எக்செல்லுக்கு அது எழுத்து. கூட்டல் போட்டால் பிழை என்று சொன்னாலாவது பரவாயில்லை, 'சம்' ஃபார்முலா எழுத்தைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். மொத்தம் குறைவாக வரும், யாருக்கும் தெரியாது. காசோலையில் யாரும் இலக்கம் சேர்க்காமல் இருக்க அந்தக் கோடு தேவைப்பட்டது. செல்லில் அதற்கு வேலையில்லை. இதேபோல '5 கிலோ' என்று ஒரே செல்லில் எழுதாமல் 5 ஒரு செல்லிலும் கிலோ பக்கத்துச் செல்லிலுமாக வையுங்கள். லட்சத்துக்கான காற்புள்ளியையும் நீங்கள் தட்ட வேண்டாம். எண்ணை மொட்டையாகத் தட்டிவிட்டு, காற்புள்ளியை ஃபார்மேட்டில் வரவழைத்துக்கொள்ளலாம்.

7. கழித்தல், கூட்டல், சமன் குறிகளில் எதையும் வரியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். பட்டியல் எழுதும்போது '- துவரம்பருப்பு' என்று கோடு போட்டுத் தொடங்கினால், கணக்குப் போடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு '#' போட்ட பிழைச் செய்தியைக் காட்டும். +91 என்று தொடங்கும் போன் நம்பரில் கூட்டல் குறி கழன்றுவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஒற்றை மேற்கோள் குறி இங்கும் உதவும்.

8. ஏற்கெனவே எழுதிய செல்லில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமா? செல்லைத் தொட்டுவிட்டு நேராகத் தட்டினால் பழையது முழுவதும் போய்விடும். எஃப்2 விசையை அழுத்துங்கள், அல்லது இருமுறை கிளிக் செய்யுங்கள். சில லேப்டாப்பில் எஃப்2-வோடு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். தவறாகத் தட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், என்டர் அடிக்கும் முன் எஸ்கேப். பழையது திரும்பிவிடும். என்டர் அடித்துவிட்டீர்கள் என்றால் கன்ட்ரோல்+இசட்.

9. புதுச் செல்லில் தட்டிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு எழுத்தைச் சேர்க்க இடது அம்பு விசையை அழுத்தினால் எக்செல் பக்கத்துச் செல்லுக்குத் தாவிவிடும். இது கோளாறு அல்ல. திரையின் கீழ் இடது மூலையைப் பாருங்கள்: 'என்டர்' என்று இருந்தால் அம்பு செல்லை மாற்றும், 'எடிட்' என்று இருந்தால் அம்பு எழுத்துக்குள் நகரும். எஃப்2 ஒருமுறை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். பல வருடம் எக்செல்லில் வேலை செய்தவர்களிலும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு.

10. அழிக்க ஸ்பேஸ் பாரை அழுத்தாதீர்கள். செல் காலியாகத் தெரியும், உள்ளே ஒரு இடைவெளி உட்கார்ந்திருக்கும். எத்தனை பேர் மொய் வைத்தார்கள் என்று எண்ணச் சொன்னால் அதையும் ஒரு ஆளாக எண்ணிவிடும். டெலீட் விசைதான் சரி. பல செல்லைத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது பேக்ஸ்பேஸ் முதல் செல்லை மட்டுமே காலிசெய்யும். டெலீட் எல்லாவற்றையும் காலிசெய்யும்.

11. மொய் ஏற்றும்போது மவுஸைத் தொடவே வேண்டாம். ஊர் தட்டி டேப், பெயர் தட்டி டேப், தொகை தட்டி என்டர். டேப் அடித்து வந்த வரியில் என்டர் அடித்தால், அடுத்த வரியில் நீங்கள் தொடங்கிய நெடுவரிசைக்கே திரும்பிவிடும். ஒருவர் நோட்டைப் படிக்க இன்னொருவர் தட்டினால் ஒரு கல்யாண நோட்டு ஒரு மதியத்தில் முடியும்.

12. ஒரே செல்லுக்குள் அடுத்த வரிக்குப் போக எக்செல்லில் ஆல்ட்+என்டர். கூகுள் ஷீட்ஸிலும் அது வேலை செய்யும். லிப்ரே ஆபீஸிலும் ஓப்பன் ஆபீஸிலும் கன்ட்ரோல்+என்டர். பிளஸ் ஒன் வகுப்பில் ஓப்பன் ஆபீஸ் கால்க் படித்த பிள்ளைக்கும் எக்செல் பழகிய அப்பாவுக்கும் இந்த இடத்தில்தான் சண்டை வரும். இருவர் சொல்வதும் அவரவர் மென்பொருளில் சரி.

ஆனால் முகவரி முழுவதையும் இப்படி ஒரே செல்லில் அடுக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தெரு ஒரு செல், ஊர் ஒரு செல், பின்கோடு ஒரு செல். பத்திரிகை வைக்கப் போகும்போது 607001 மஞ்சக்குப்பம், 607002 திருப்பாதிரிப்புலியூர், 607003 முதுநகர் என்று பிரித்து வரிசைப்படுத்திக்கொண்டால் ஒரே தெருவுக்கு இரண்டாம் முறை ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்காது. ஆல்ட்+என்டரைக் குறிப்பு எழுதும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் 32,767 எழுத்துக்குறிகள் வரை பிடிக்கும். சம்பந்தி வீட்டாரோடு நடந்த வாக்குவாதத்தைக்கூட முழுசாக எழுதிவைக்கலாம்.

13. நோட்டில் ஒரே ஊர்க்காரர்கள் வரிசையாக வந்தால், முதல் வரியில் 'பண்ருட்டி' என்று எழுதிவிட்டுக் கீழே எல்லாம் இரட்டைக் காற்புள்ளி போடுவோம், அல்லது காலியாக விடுவோம். எக்செல்லில் கூடவே கூடாது. பெயர்வாரியாக வரிசைப்படுத்திய மறுகணம் அந்தக் காற்புள்ளிகள் எந்த ஊருக்கு உரியவை என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே உள்ளதை அப்படியே கீழே இறக்க கன்ட்ரோல்+டி. இருபது வரிக்கு ஒரே ஊர் என்றால், அந்த இருபது செல்லையும் தேர்ந்தெடுத்து, ஊரைத் தட்டி, கன்ட்ரோல்+என்டர் அடியுங்கள், எல்லாவற்றிலும் நிரம்பும். லிப்ரே ஆபீஸில் இதற்கு ஆல்ட்+என்டர். மேலே சொன்ன சண்டையின் இரண்டாம் பாகம் இது.

14. நம் ஊருக்கே எத்தனை பெயர்! ரயில் நிலையத்துப் பலகையில் திருப்பாதிரிப்புலியூர். பேச்சில் திருப்பாப்புலியூர். தபாலில் கடலூர்-2. சிலருக்குப் புதுநகர், சிலருக்கு என்.டி. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் நின்றுகொண்டு கேட்டால் ஐந்தும் ஒரே இடம்தான். எக்செல்லுக்கு ஐந்தும் ஐந்து ஊர். 'நம் ஊர்க்காரர்கள் மட்டும்' என்று பிரித்துப் பார்த்தால் கால்வாசிப் பேர்தான் வருவார்கள். முதுநகர், ஓ.டி., துறைமுகம் என்று அந்தப் பக்கத்திலும் இதே கதை.

ஏற்றத் தொடங்கும் முன்பே எந்தப் பெயர் என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சுருக்காமல் முழுசாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. இன்று உங்களுக்குப் புரியும் சுருக்கம் நாளை மருமகளுக்குப் புரியாது. முழுப் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டவும் வேண்டாம். தனி ஷீட்டில் ஊர்ப் பட்டியல் ஒன்று போடுங்கள்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர் முதுநகர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, வடலூர், புவனகிரி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம், விருத்தாசலம். பிறகு ஊர் எழுதும் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா, டேட்டா வேலிடேஷன், லிஸ்ட் என்று போய் அந்தப் பட்டியலைக் காட்டிவிடுங்கள். அப்புறம் செல்லில் ஆல்ட்+கீழ் அம்பு அடித்தால் பட்டியல் விரியும், தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியலில் இல்லாத எழுத்தில் தட்டினால் ஏற்காது. அரை மணி நேர வேலைதான். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

15. பட்டியல் போட மனமில்லையென்றால் எக்செல்லே ஊகித்து எழுத்தை நிரப்பும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. மேலே 'கடலூர் முதுநகர்' இருக்க, கீழே வெறும் 'கடலூர்' என்று தட்டினால் மீதியைத் தானே சேர்த்துக் காட்டும். அப்படியே என்டர் அடித்தால் மஞ்சக்குப்பத்துக்காரர் முதுநகருக்குக் குடிபோய்விடுவார். டெலீட் ஒருமுறை அழுத்தி அந்த ஒட்டை நீக்கிவிட்டு என்டர் அடியுங்கள்.

16. எழுத்துப் பிழையை மொத்தமாகத் திருத்த கன்ட்ரோல்+எச். 'சிதம்பறம்' என்று தட்டியதை எல்லாம் 'சிதம்பரம்' ஆக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் 'சிதம்பரம்' என்பதை 'சிதம்பரம் டவுன்' ஆக்கப் போனால், சிதம்பரம் என்ற பெயருள்ள மாமாவும் சித்தப்பாவும் டவுன் ஆகிவிடுவார்கள். ஊர்ப் பெயரையே ஆளுக்கும் வைக்கிற மாவட்டம் இது. முதலில் ஊர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் 'ரீப்ளேஸ் ஆல்'. ஆப்ஷன்ஸில் முழுச் செல்லும் பொருந்தினால் மட்டும் மாற்று என்ற பெட்டியையும் டிக் செய்துகொள்ளுங்கள்.

17. இனிஷியலைப் பெயருக்கு முன்னால் அதே செல்லில் எழுதினால், அகரவரிசை இனிஷியலின்படி அமையும். 'எம். செந்தில்' ஒரு மூலையிலும் 'செந்தில்' இன்னொரு மூலையிலும் கிடப்பார்கள். இனிஷியலுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். பட்டப்பெயருக்கும் ஒன்று வைக்கலாம். 'பால்காரர்', 'மாடி வீடு', 'நெய்வேலி அத்தை' போன்றவைதான் பத்து வருடம் கழித்து ஆளை அடையாளம் காட்டும்.

18. தமிழில் தட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சில. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா? வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது அது. அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே படிக்க முடியும். யூனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றி ஒட்டிவிட்டு, பழைய எழுத்துருவை மறந்துவிடுங்கள். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத இரட்டையர்கள் உண்டு. நம் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகத் தட்ட முடியும். ஒன்றில் உள்ளே இருப்பது ஸ, இன்னொன்றில் வடமொழிக்கான இன்னொரு ச. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கௌரி, சௌந்தர் ஆகிய பெயர்களில் இன்னும் அதிகம்: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் போட்டு 'கெளரி' என்று தட்டுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு வித்தியாசமே இல்லை, வரிசைப்படுத்தினால் இரண்டும் வேறுவேறு இடத்தில் நிற்கும். ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் வந்து, பார்த்தால் எழுத்து ஒன்றுபோலவே இருந்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். ஒன்றைக் காப்பி செய்து மற்றதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

எழுத்தை எண்ணித்தரும் 'லென்' ஃபார்முலாவையும் தமிழுக்கு நம்ப வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் என்பதில் நாம் எண்ணினால் 11 எழுத்து. எக்செல் 22 என்று சொல்லும், ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. முதல் எழுத்தை மட்டும் எடுத்துத் தா என்றால் 'தி' வராது, 'த' வரும்.

19. தேதியை 5/10 என்று தட்டினால், கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் மே 10. அதே முறையில் 15/10/2025 என்று தட்டினால் பதினைந்தாம் மாதம் இல்லாததால் எழுத்தாகவே விட்டுவிடும். ஆகவே தேதி நெடுவரிசையில் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கத் தேதிகள் எல்லாம் நாளும் மாதமும் இடம் மாறியவை என்று வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். அல்லது மாதத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போடுங்கள், குழப்பமே வராது. வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். இன்றைய தேதிக்கு கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் போதும். 'ஐப்பசி 12' போன்ற தமிழ்த் தேதிக்குத் தனி நெடுவரிசை. அதை எக்செல் எழுத்தாகத்தான் வைக்கும். 1900-க்கு முந்தைய பத்திரத் தேதியும் எழுத்தாகவே நிற்கும், அதைத் தேதிபோலக் கூட்டிக் கழிக்க முடியாது.

20. வாட்ஸ்அப்பில் வந்த பத்து வரிச் செய்தியைச் செல்லைத் தொட்டு ஒட்டினால் பத்து வரிகளில் சிதறும். எஃப்2 அடித்து உள்ளே நுழைந்தபின் ஒட்டினால் ஒரே செல்லில் அடங்கும். வேறு இடத்திலிருந்து எடுத்த எழுத்தோடு அதன் நிறமும் பின்னணியும் வராமலிருக்க, கூகுள் ஷீட்ஸிலும் புதிய எக்செல்லிலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி.

21. செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் காப்பி ஆகும் என்று நம்பி, 'வார்டு 5' என்பதை இழுத்துப் பாருங்கள். 6, 7, 8 என்று வார்டு ஏறிக்கொண்டே போகும். தேதியும் அப்படித்தான் ஏறும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே இழுத்தால் அப்படியே நகலாகும்.

22. பெயர் பாதியில் வெட்டுப்பட்டதுபோலத் தெரிந்தால் எதுவும் போகவில்லை. பக்கத்துச் செல்லில் ஏதோ இருப்பதால் நீட்டி வர இடமில்லை, அவ்வளவுதான். 'ராப் டெக்ஸ்ட்' அழுத்தினால் மடிந்து தெரியும். தொகைக்குப் பதில் ##### வந்தால் நெடுவரிசை குறுகல். தலைப்புக் கோட்டில் இருமுறை கிளிக் செய்தால் அகலும். தலைப்பை அழகாக நடுவில் காட்டுவதற்காகச் செல்களை 'மெர்ஜ்' செய்யாதீர்கள். பின்னால் வரிசைப்படுத்த விடாது.

23. எல்லா மொய்யும் பணமாக வருவதில்லை. அரைப்பவுன் மோதிரம், குத்துவிளக்கு, பட்டுப்புடவை. இவற்றைத் தொகை நெடுவரிசையில் எழுத்தாக நுழைக்காமல் 'பொருள்' என்று இன்னொன்று வையுங்கள். தங்கத்தை அன்றைய விலைக்கு ரூபாயாக்கி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. திருப்பிச் செய்யும்போது நாம் எடைக்கு எடை பார்ப்போம், ரூபாய்க்கு ரூபாய் பார்க்க மாட்டோம். கிராமை மட்டும் தனி நெடுவரிசையில் எண்ணாகப் போடுங்கள். 'பாதி திருப்பியாச்சு', 'அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குச் செய்யணும்' போன்ற குறிப்புகளுக்கு ஷிஃப்ட்+எஃப்2. செல்லின் மூலையில் சின்ன அடையாளம் விழும், மவுஸை வைத்தால் குறிப்பு விரியும்.

24. வரிசைப்படுத்தும் முன் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுங்கள். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால், மற்றதையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயர் ஒருபக்கம், தொகை ஒருபக்கம் கலைந்து, 101 வைத்தவர் 10,001 வைத்ததாக ஆகிவிடும். உடனே கவனித்தால் கன்ட்ரோல்+இசட் காப்பாற்றும். சேமித்து மூடிவிட்டால் நோட்டைத்தான் மறுபடி தேட வேண்டும்.

25. ஏற்றி முடித்தபின் சரிபார்க்க எளிய வழி, தலைப்பு வரியில் 'ஃபில்டர்' போடுவது. ஊர் நெடுவரிசையின் அம்பைத் தட்டினால் உள்ளே உள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் பட்டியலாக வரும். 'பண்ருட்டி', 'பன்ருட்டி', 'பண்ரூட்டி' என்று மூன்று தெரிந்தால் இரண்டு பிழை. ஒரே ஊர் அச்சு அசலாக இரண்டு தடவை தெரிந்தால் ஒன்றின் வாலில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும், அல்லது 18-ஆம் குறிப்பில் சொன்ன இரட்டையர். இடைவெளிகளை 'டிரிம்' ஃபார்முலா நீக்கும். இணையத்திலிருந்து ஒட்டியவற்றில் வரும் ஒருவகை இடைவெளிக்கு மட்டும் அது மசியாது, அதைக் கையால் அழிக்க வேண்டும். பெயர் நெடுவரிசைக்கு இந்த வித்தை போதாது. அதை அச்செடுத்து, வீட்டில் உறவுமுறை எல்லாம் தெரிந்த ஆயாவிடம் கொடுத்து ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். வேலிடேஷனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்: எந்த முருகன் பண்ருட்டி முருகன், எந்த முருகன் வடலூருக்கு மாறிப்போனவர் என்று.